வரிக்கு ஒன்று
(யாமல் கோப்புகளில் பட்டியல் எழுதும் முறை)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவி, கணிப்பொறி அறிவியல் துறை

மனிதன் எழுதத் தொடங்கியபோது முதலில் எழுதியது கவிதையோ கடிதமோ அன்று, பட்டியல்தான். மெசபடோமியாவில் கிடைத்துள்ள, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முந்திய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை தானியம், ஆடுமாடு, கூலி ஆகியவற்றின் கணக்குகளே. எத்தனை மூட்டை வந்தது, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போனபோது எழுத்து தேவைப்பட்டது. பலகை போய்த் தாள் வந்து, தாள் போய்த் திரை வந்த பின்னும் பட்டியல் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

கணிப்பொறிக்கும் பட்டியல் வேண்டும். ஒரு கல்லூரியின் அறிவிப்புகளை எல்லாத் துறைகளுக்கும் அனுப்பும் நிரல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். துறைகளின் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், புதிய துறை தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிரலைத் திறந்து திருத்த வேண்டும். ஆகவே மாறக்கூடிய செய்திகளை எல்லாம் தனியே ஒரு கோப்பில் எழுதி வைத்து, நிரல் அதைப் படித்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். இதனை அமைப்புக் கோப்பு என்கிறோம். நிரல் எழுதத் தெரியாதவரும் இதைத் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். அத்தகைய கோப்புகளை எழுத இன்று உலகெங்கும் பயன்படும் முறைகளுள் ஒன்று யாமல். அதில் பல வரிப் பட்டியலை எவ்வாறு தெளிவாக எழுதுவது என்பதை என் சக மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாமலின் பிறப்பு

2001ஆம் ஆண்டில் கிளார்க் எவன்ஸ் என்பவர் யாமலை முன்மொழிந்தார். இங்கி டாட் நெட், ஓரென் பென்-கிகி ஆகிய இருவரும் அவரோடு சேர்ந்து அதை உருவாக்கினர். அக்காலத்தில் செய்திகளை எழுத எக்ஸ்.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி பெருவழக்காக இருந்தது. அதில் ஒவ்வொரு செய்திக்கும் முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் இட வேண்டும். எந்திரத்துக்கு அது எளிது. படிக்கும் மனிதனுக்குக் கண் வலிக்கும். இதற்கு மாற்றாகப் பிறந்த யாமலுக்கு முதலில் ‘இன்னுமொரு குறியீட்டு மொழி’ என்று வேடிக்கையாகவே பெயர் வைத்தார்கள். பின்னர் அதே எழுத்துகளுக்கு ‘யாமல் குறியீட்டு மொழி அன்று’ என்று புது விளக்கம் கொடுத்தார்கள். முதற்பதிப்பு 2004இலும், 1.1 பதிப்பு 2005இலும், 1.2 பதிப்பு 2009இலும் வெளிவந்தன.

2012இல் வந்த ஆன்சிபிள், 2014இல் வந்த குபர்னெட்டிஸ் போன்ற பெரிய மென்பொருள்கள் தம் அமைப்புக் கோப்புகளை யாமலிலேயே எழுதச் செய்தன. ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை இயக்கும் நிறுவனமாயினும் சரி, ஒரே மடிக்கணினி வைத்திருக்கும் மாணவனாயினும் சரி, எழுதும் முறை ஒன்றே.

அந்த மென்பொருள்கள் எதிர்பார்க்கும் தலைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆனால் யாமலின் விதி எம்மொழி எழுத்தையும் ஏற்கும். நாமே எழுதும் நிரலானால் தலைப்புகளைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். கீழே வரும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அவ்வாறே தரப்பட்டுள்ளன.

ஒரே வரியா, பல வரியா?

யாமலில் பட்டியலை இரண்டு விதமாக எழுதலாம். முதலாவது, சதுர அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் எழுதுவது.

துறைகள்: [இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல்]

இரண்டாவது, தலைப்புக்குக் கீழே வரிக்கு ஒன்றாக, முன்னால் சிறு கோடு இட்டு எழுதுவது.

துறைகள்:
  - இயற்பியல்
  - வேதியியல்
  - கணிதம்
  - தாவரவியல்
  - விலங்கியல்

கணிப்பொறிக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் ஐந்து உறுப்புகள் உள்ளன என்றே அது படிக்கும். அப்படியானால் இடத்தை மிச்சப்படுத்தும் முதல் முறையே போதாதா என்று கேட்கலாம். மூன்று நான்கு சிறு சொற்களுக்குப் போதும். உறுப்புகள் பெருகப் பெருக, வரி திரையின் வலப்புறம் ஓடி மறைந்துவிடும். பதினேழாவது பெயர் எங்கே என்று விரல் வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

என் தந்தை மண்டியில் சுமை இறக்கும் தொழிலாளி, பள்ளிக்கூடம் போனதில்லை. லாரியிலிருந்து இறங்கும் மூட்டைக்கு ஒரு கோடு என்று சுவரில் கரித்துண்டால் போட்டுக்கொண்டே வருவார். ஐந்தாவது மூட்டைக்கு நான்கு கோட்டின் மீதும் குறுக்காக ஒரு கோடு. மாலையில் கணக்குப் பிள்ளையின் நோட்டும் அவர் சுவரும் ஒத்துப்போக வேண்டும். ஒரு கோட்டுக்கு இரண்டு மூட்டை என்ற வழக்கம் அவர் கணக்கில் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆளாகிய நான், யாமல் பட்டியலை முதன்முதலில் பார்த்தபோது அது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. பொருளுக்கு ஒரு கோடு; அவ்வளவுதான் விதி.

வரிக்கு ஒன்றாக எழுதுவதால் இன்னொரு பெரும் பயனும் உண்டு. ஒரே கோப்பைப் பலர் திருத்தும் இடங்களில் ‘கிட்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை அது வரிவரியாகக் காட்டும். ஐந்து துறைகளும் ஒரே வரியில் இருக்க, ஆறாவதாகப் புள்ளியியலைச் சேர்த்தால், அந்த முழு வரியும் மாறியதாகவே முதலில் கண்ணில் படும். எது புதிது என்பதை நாம்தான் ஒப்பிட்டுத் தேட வேண்டும். வரிக்கு ஒன்றாக இருந்தாலோ, ‘புள்ளியியல்’ என்ற ஒரு வரி மட்டும் புதிதாகத் தெரியும். இருவர் ஒரே நேரத்தில் ஒரே வரியைத் திருத்தினால் மோதல் வரும். ஒன்றையொன்று ஒட்டாத வெவ்வேறு வரிகளைத் திருத்தினால் கிட் தானே இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்.

அடைப்புக்குறி முறையே வேண்டும் என்பவரும் அதைப் பல வரிகளில் எழுதலாம்.

துறைகள்: [
  இயற்பியல்,
  வேதியியல்,
  கணிதம்,
  ]

கடைசி உறுப்புக்குப் பின்னும் காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். ஜேசன் என்னும் மற்றொரு முறையில் இது குற்றம், யாமலில் குற்றமன்று. அதனால் நாளை ஒரு துறையைச் சேர்க்கும்போது பழைய வரியைத் தொட வேண்டியதில்லை. மூடும் அடைப்பையும் சற்றே உள்ளே தள்ளி எழுத வேண்டும் என்பது விதி. ஓரத்திலேயே மூடினாலும் சில நிரல்கள் ஏற்றுக்கொள்ளும். எல்லாம் ஏற்கும் என்று நம்பக் கூடாது.

சத்தமில்லாத பிழைகள்

யாமலில் உள்தள்ளல்தான் இலக்கணம். எது எதற்குக் கீழே வருகிறது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே சொல்கிறது. அவ்வெற்றிடத்தை இடைவெளி விசையால்தான் விட வேண்டும். டேப் விசைக்கு அங்கு இடமில்லை. அதைப் பயன்படுத்தினால் கோப்பைப் படிக்கும் நிரல் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இது நல்ல பிழை. எந்திரமே கூவிச் சொல்வதால் உடனே திருத்திவிடலாம். எந்திரம் வாய் திறக்காத பிழைகளே அஞ்சத்தக்கவை. கீழே உள்ளதைப் பாருங்கள்.

துறைகள்:
  - இயற்பியல்
  - வேதியியல்
    கணிதம்
  - தாவரவியல்

கணிதத்தின் முன்னே கோடு விடுபட்டுள்ளது. நான்கு துறைகள் என்று நாம் எண்ணுவோம். யாமலோ மூன்று என்று எண்ணும். உள்ளே தள்ளி வரும் வரி, மேல் வரியின் தொடர்ச்சி என்பது அதன் விதி. எனவே ‘வேதியியல் கணிதம்’ என்று ஒரே துறை இருப்பதாக அது கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அப்படி ஒரு துறை கல்லூரியில் இல்லை. ஆகவே தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் பற்றிய அறிவிப்பு வேதியியலுக்கும் போகாது, கணிதத்துக்கும் போகாது. அடைப்புக்குறி முறையில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் இதே கதிதான்.

கோட்டுக்குப் பின் இடைவெளி விடாமல் எழுதினால் நிலைமை இன்னும் மோசம்.

துறைகள்:
  -இயற்பியல்
  -வேதியியல்
  -கணிதம்

பார்வைக்குப் பட்டியல் போலவே இருக்கிறது. ஆனால் இது பட்டியலே அன்று. கோட்டுக்குப் பின் இடைவெளி இருந்தால்தான் அது பட்டியல் குறி. இல்லையேல் சொல்லின் ஒரு பகுதி. மூன்று வரிகளும் சேர்ந்து ‘-இயற்பியல் -வேதியியல் -கணிதம்’ என்ற ஒற்றைச் சொற்றொடர் ஆகிவிடும்.

இதெல்லாம் அற்பக் கோடு, அற்ப இடைவெளி என்று ஒதுக்கலாமா? முதலாண்டில் உதவித்தொகைக்கான பெயர்ப் பட்டியல் ஒன்றில் என் பெயரும் எனக்கடுத்த மாணவியின் பெயரும் ஒரே வரிசை எண்ணில் சேர்ந்து அச்சாகிவிட்டன. இருவர் ஒருவராக எண்ணப்பட்டோம். அவளுக்குப் பணம் வந்தது. எனக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் விடுதிக் கட்டணத்துக்காக என் தாய் யாரிடமெல்லாம் கைநீட்டினார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் கெட்டவரல்லர். ஒரு வரியைப் பிரிக்க விட்டுவிட்டார், அவ்வளவே. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கக்கூடும். கணிப்பொறிப் பட்டியலும் இதற்கு விலக்கன்று.

உருமாறும் சொற்கள்

பட்டியல் சரியாகப் பிரிந்திருந்தாலும், உறுப்புகள் நாம் எழுதியபடியே போய்ச் சேர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். யாமல், எழுதப்பட்டது எண்ணா சொல்லா என்பதைத் தானே ஊகிக்கும். அந்த ஊகம் சில நேரம் நம்மைக் கவிழ்த்துவிடும். பைத்தான் மொழியின் 3.10 பதிப்பு 2021 அக்டோபரில் வெளிவந்தது. தம் நிரலைப் பல பதிப்புகளில் சோதிக்க விரும்பியோர் இவ்வாறு எழுதினர்.

பதிப்புகள்:
  - 3.8
  - 3.9
  - 3.10

யாமல் மூன்றாவதைத் தசம எண்ணாகக் கொண்டு 3.1 என்று படித்தது. கணக்கின்படி 3.10உம் 3.1உம் ஒன்றுதானே! இதற்கு மருந்து, மேற்கோள் குறிக்குள் எழுதுவது: - "3.10"

இவ்வாறே 0123 என்ற பதிவெண்ணை மேற்கோள் இன்றி எழுதினால், 1.1 பதிப்பின் விதிப்படி அது எட்டடிமான எண்ணாகி 83 என மாறும், 1.2 பதிப்பின் விதிப்படி முன்னுள்ள சுழி போய் 123 ஆகும். இரண்டிலும் பதிவெண் பறிபோகும். 10:30 என்ற நேரத்தை 1.1 பதிப்பு அறுபதடிமான எண்ணாகக் கொண்டு 630 என்று படிக்கும். நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள்படும் சொல்லாகவும் இருப்பதால், நாடுகளின் பட்டியலில் நார்வே மட்டும் ‘பொய்’ என்ற தருக்க மதிப்பாக மாறிய கதை நிரலர்களிடையே பெயர்பெற்றது. 2009இன் 1.2 பதிப்பு இதைச் சீர்செய்தது. ஆயினும் பைத்தானில் பரவலாக உள்ள பையாமல் நூலகம் இன்றும் 1.1 விதிகளையே பின்பற்றுகிறது.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ‘- ஆய்வகம் #2’ என்று எழுதினால் ‘ஆய்வகம்’ மட்டுமே மிஞ்சும். இடைவெளிக்குப் பின் வரும் # குறியிலிருந்து வரியின் முடிவு வரை உள்ளதை யாமல் வெறும் குறிப்பாகக் கொண்டு விட்டுவிடும். ‘- அறிவிப்பு: நாளை விடுமுறை’ என்று எழுதினால், முக்காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்து வருவதால் அது ஒரு தலைப்பும் அதன் மதிப்பும் ஆகிவிடும். இவ்விரண்டுக்கும் மேற்கோள் குறியே காப்பு. ஐயம் வந்தால் மேற்கோள் இடுக என்பதை விதியாகக் கொள்ளலாம்.

நீண்ட உறுப்பும் பல பகுதி உறுப்பும்

ஓர் உறுப்பே பல வரி நீளம் இருந்தால் என்ன செய்வது? யாமலில் இதற்கு இரண்டு குறிகள் உண்டு.

அறிவிப்புகள்:
  - |
    நூலகம் காலை 9 மணிக்குத் திறக்கும்.
    அடையாள அட்டை கட்டாயம்.
  - >
    ஆய்வகப் பதிவேட்டை வெள்ளிக்கிழமைக்குள்
    துறைத் தலைவரிடம் ஒப்படைக்கவும்.

நிமிர்ந்து நிற்கும் | குறி, வரிகளை உள்ளது உள்ளபடியே வைத்துக்கொள்ளும். முதல் அறிவிப்பு இரண்டு வரியாகவே போய்ச் சேரும். > குறி, வரிகளை மடித்து ஒரே வரியாக்கும். கணிப்பொறிக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டளைகளைத் தர முன்னது ஏற்றது. எழுதும்போது மட்டும் உடைத்து எழுத வேண்டிய நீண்ட வாக்கியத்துக்குப் பின்னது ஏற்றது.

ஒவ்வோர் உறுப்புக்கும் பல விவரங்கள் இருந்தால், முதல் விவரத்துக்கு மட்டும் கோடு இட்டு, மற்றவற்றை அதன் நேர் கீழே நிறுத்த வேண்டும்.

ஆய்வகங்கள்:
  - பெயர்: இயற்பியல் ஆய்வகம்
    மேசைகள்: 20
    நேரம்: "10:30"

  - பெயர்: வேதியியல் ஆய்வகம்
    மேசைகள்: 16
    நேரம்: "14:00"

‘மேசைகள்’ என்பதற்கும் தவறிப்போய்க் கோடு இட்டுவிட்டால், ஓர் ஆய்வகம் இரண்டாக உடைந்துவிடும்: ஒன்றுக்குப் பெயர் இருக்கும், மேசை இராது, மற்றதற்கு மேசை இருக்கும், பெயர் இராது. உறுப்புகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விடுவதை யாமல் பொருட்படுத்துவதில்லை; நம் கண்ணுக்கோ அது பேருதவி.

கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

மேலே கண்டவற்றைச் சுருக்கிச் சில பழக்கங்களாகச் சொல்லலாம். உள்தள்ளலுக்கு இரண்டு இடைவெளி என்று வைத்துக்கொண்டு, கோப்பு முழுவதும் அதையே பின்பற்றுங்கள். தலைப்பின் நேர் கீழே ஓரத்திலேயே கோட்டைத் தொடங்கவும் யாமல் இடம் தருகிறது. இரண்டில் எதுவாயினும் ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காதீர்கள். யாமல் பட்டியலின் வரிசையை அப்படியே காக்கும். ஆன்சிபிளில் பணிகள் எழுதிய வரிசைப்படியே நடக்கும். ஆகவே வரிசை முக்கியமான இடத்தில் அதை மாற்றாதீர்கள். முக்கியமில்லாத இடத்தில் அகரவரிசையில் அடுக்குங்கள். ஒரே பெயர் இருமுறை வந்திருந்தால் அப்போது அடுத்தடுத்து நின்று தானே காட்டிக்கொடுக்கும். ஓர் உறுப்பு ஏன் அங்கே இருக்கிறது என்பது பார்த்ததும் விளங்காதெனில், # இட்டு ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். ஜேசனில் இவ்வசதி இல்லை.

கடைசியாக ஒன்று. யாமல்லிண்ட் போன்ற சோதனைக் கருவிகள் உள்தள்ளல் தவறுகளைக் காட்டும். ஆனால் ‘வேதியியல் கணிதம்’ என்று இணைந்துபோனதை அவற்றால் பிழையென அறிய முடியாது. அது விதிப்படி சரியான யாமல்தானே! அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, எண்ணிப் பார்ப்பது. கோப்பைப் பைத்தானில் படித்து, பட்டியலில் எத்தனை உறுப்புகள் என்று அச்சிட இரண்டு மூன்று வரி நிரல் போதும். தாளில் ஐந்து, திரையில் நான்கு என்றால் எங்கோ ஒரு கோடு விடுபட்டிருக்கிறது.

முடிவுரை

கணிப்பொறி நாம் எழுதியதைப் படிக்குமே ஒழிய, நாம் நினைத்ததைப் படிக்காது. எழுதியதற்கும் நினைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் காணக்கூடியது இன்னொரு மனிதரின் கண் மட்டுமே. அந்தக் கண்ணுக்கு எளிதாக எழுதுவதுதான் தெளிவு. நமக்குப் பின்னால் அந்தக் கோப்பைத் திறப்பவர் நம்மைவிட அனுபவம் குறைந்தவராக இருக்கலாம். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத முதல் தலைமுறை மாணவராக இருக்கலாம். யாரையும் கேட்காமலே அவரால் படித்துவிட முடிந்தால், நாம் நன்றாக எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை ஆய்வகத்தில் அமைப்புக் கோப்பைத் திறக்கும்போது, வரிக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒரு கோடு, கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி என்பதை நினைவில் கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாரும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு கோப்பை மூடுங்கள்.